தீட்டு எது? அதைக் கழுவுவது எப்படி?

(நரிக்குடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், கதிரியக்க விஷம் கலந்துபோன மண்ணை இரசாயனத் திரவங்களால் கழுவிச் சுத்தம் செய்வது என்பதாகும். மழையில்லாத இந்தச் சீமையில், கண்மாய் பெருகுமா, மிளகாய்க்கு விலை வருமா என்று கவலைப்பட்டுக் கொண்டிருக்கிறவர்களிடத்தில் இதை ஏன் பேசவேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நரிக்குடி மண்ணில் அப்படிப்பட்ட விஷம் இருக்கிறதென்று சொல்லிப் பயமுறுத்த நாம் வரவில்லை. "தீட்டு" என்ற ஒரே வார்த்தையைக் கொண்டு நம் மக்களைத் தலைமுறை தலைமுறையாக ஆட்டிவைத்தவர்களுக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல விஷயம் கிடைப்பது அரிது என்பதனாலேயே இதை எடுத்துக்கொண்டோம்.

நம் கூட்டங்களில் வைதிகத் தோழர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு. "கண்ணுக்குத் தெரியாததை நம்பமாட்டோம் என்கிறீர்களே! கதிரியக்கம் கண்ணுக்குத் தெரிகிறதா? அதை மட்டும் நம்புகிறீர்களே! அதைப்போலத்தானே தீட்டும், தோஷமும், திருஷ்டியும்?" என்பது அந்தக் கேள்வி. கேட்டுவிட்டு, நம்மை மடக்கிவிட்டதாகச் சந்தோஷப்படுகிறார்கள். இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லவேண்டியது நமது கடமையாகும்.

கண்ணுக்குத் தெரியாதது இரண்டு வகை

தோழர்களே! கண்ணுக்குத் தெரியாததெல்லாம் பொய் என்று நாம் எப்போதாவது சொன்னதுண்டா? காற்றுக் கண்ணுக்குத் தெரிவதில்லை. காய்ச்சலை உண்டாக்கும் கிருமி வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. அவைகளை நாம் மறுக்கவில்லை. அளந்து பார்க்க முடியுமா, யார் அளந்தாலும் ஒரே கணக்கு வருமா என்பதே நமது கேள்வி.

1896-ல் பிரெஞ்சு தேசத்தில் பெக்கரல் என்பவர், யுரேனியம் கலந்த உப்பு ஒன்று இருட்டிலே மூடிவைத்த புகைப்படத் தகட்டில் தானாகவே அடையாளம் போடுவதைக் கண்டார். 1898-ல் மேரி கியூரி அம்மையாரும் அவரது கணவரும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு கைகர் என்பவர் பெயரால் வழங்கும் எண்ணுங் கருவி வந்தது. அந்தக் கருவியைப் பிடிக்கிறவன் சூத்திரனா, பார்ப்பனனா, கிறிஸ்தவனா, முஸ்லிமா என்று அது பார்ப்பதில்லை. எவன் பிடித்தாலும், கதிரியக்கம் உள்ள இடத்தில் டிக் டிக் என்று எண்ணிச் சொல்லும். அதிகமாயிருந்தால் அதிகமாக எண்ணும்.

இதே கருவியைப் போல, ஒரு மனிதனிடத்தில் எத்தனை பங்கு தீட்டு இருக்கிறதென்று காட்டும் கருவி ஏதாவது உண்டா? மாதவிலக்கான பெண் தொட்ட தண்ணீரையும் தொடாத தண்ணீரையும் கலந்து வைத்தால் எந்தப் பண்டிதனாவது பிரித்துக் காட்டுவானா? காட்டமாட்டான். முதலில் யார் தொட்டது என்பதை விசாரித்துக்கொண்டு, பிறகுதான் தீட்டு என்பான். அதாவது, அவனுடைய தீட்டு தண்ணீரில் இல்லை. தொட்டவனுடைய பிறப்பைப் பற்றிய அவனுடைய எண்ணத்தில் இருக்கிறது.

நூற்றெட்டுக் குடம்

இதற்கு ஒரு சரித்திர ருஜு சொல்லுகிறோம். 1927-ம் வருஷம் மார்ச்சு 20-ந் தேதி பம்பாய் மாகாணத்து மகாட் என்ற ஊரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களை அழைத்துக்கொண்டு போய், சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அது பொதுக்குளம். ஆடும் மாடும் அதில் குடிக்கலாம். ஆனால் மனிதர்களில் ஒரு பகுதியார் குடித்ததும் குளம் தீட்டாய்விட்டதாம். உடனே வைதிகர்கள் கூடி, சாணம், மாட்டு மூத்திரம், பால், தயிர் இவைகளை 108 குடங்களில் நிரப்பி, மந்திரம் சொல்லிக் குளத்திலே கொட்டிச் "சுத்தம்" செய்தார்கள்.

தோழர்களே! சாணத்தைக் கொட்டிய பிறகு குளம் சுத்தமாயிற்றா, அசுத்தமாயிற்றா? அதற்கு முன்பு அதில் என்ன விஷம் இருந்தது? பிறகு எவ்வளவு குறைந்தது? இந்தக் கேள்விகளை அன்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் கேட்டால் பதில் கிடையாது.

வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1939-ல் மதுரை மீனாட்சி கோவிலில் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் நாடார்களும் நுழைந்தபோது, கோவில் தீட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லிப் பூசை செய்ய மறுத்த பட்டர்கள் இருந்தார்கள். நரிக்குடி அன்று சேர்ந்திருந்த இராமநாதபுரம் ஜில்லாவிலே பஸ்ஸில் ஏறவும் தீட்டுப் பேசினார்கள். நமது இயக்கத்துப் பெரியவரான பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன் அவர்கள் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு லைசென்சு கிடையாது என்று சொன்ன பிறகே அந்தத் தீட்டுப் போயிற்று. எந்தக் கங்கை நீரைத் தெளித்துப் போக்கினார்? ஒன்றுமில்லை. லைசென்சு போகும் என்றதும் தீட்டும் போய்விட்டது! உண்மையான விஷமாயிருந்தால் லைசென்சுக்குப் பயந்து ஓடுமா?

நீல ஒளி

இனி, உண்மையான விஷம் எப்படிப்பட்டது என்பதைப் பார்ப்போம்.

1987 செப்டம்பரில் பிரேசில் தேசத்திலே கோயானியா என்ற நகரத்தில், கைவிடப்பட்ட ஒரு வைத்தியசாலையிலிருந்த கனமான உலோக யந்திரத்தை இரண்டு ஏழைகள் பழைய இரும்புக்கு விற்கலாம் என்று கழற்றிக்கொண்டு போனார்கள். அது புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யும் யந்திரம். அதனுள்ளே சீசியம் குளோரைடு என்னும் உப்பு 100 கிராமுக்கும் குறைவாக இருந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் இரவில் பார்த்தபோது அந்தத் தூள் நீல நிறமாக ஒளி வீசியது. அதை ஏதோ தெய்வீக சக்தியுள்ள வஸ்து என்று நினைத்தார்கள். உறவினருக்கும் சிநேகிதருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். நம்மூரில் திருநீறு பூசிக்கொள்வதைப் போலச் சிலர் உடம்பில் தடவிக்கொண்டார்கள். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று அந்தத் தூள் பட்ட கையோடு சாப்பிட்டது.

நாலு பேர் செத்தார்கள். அக்குழந்தையும் அதில் ஒன்று. 1,12,000 பேரைப் பரீட்சை செய்ததில் 249 பேரிடத்தில் அந்த விஷம் காணப்பட்டது. சில வீடுகளை இடித்தார்கள். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். ஒரு கைப்பிடித் தூளிலிருந்து 3,500 கனமீட்டர் கழிவு உண்டாயிற்று.

இதிலே நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, ஒளி வீசுவதெல்லாம் தெய்வம் என்று நம்பும் புத்தி மனிதனைக் கொல்லும் என்பது. மற்றொன்று அதைவிட முக்கியமானது. அந்தக் குழந்தையை ஈயப் பெட்டியிலே வைத்துப் புதைக்கப் போனபோது, சுமார் இரண்டாயிரம் பேர் கூடிக் கல்லெறிந்து தடுக்கப் பார்த்தார்கள். கோயானியாவிலிருந்து வந்தவர்களுக்கு ஓட்டல்களில் இடம் கொடுக்க மறுத்தார்கள். அந்த ஊர்ச் சரக்கை வாங்க மறுத்தார்கள். கழுவிச் சுத்தமானவரையும், கருவி வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தவரையுங்கூட ஒதுக்கினார்கள். ஆகவே, உண்மையான விஷத்தைப் பற்றிய பயமும், அளவையை விட்டுவிட்டால் தீண்டாமையாக மாறிவிடும் என்பதைக் கவனியுங்கள். கருவி இல்லாத பயம் எங்கே இருந்தாலும் அது புரோகிதனுடைய வேலையைத்தான் செய்யும்.

இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. டில்லி சர்வகலாசாலையில் 1985 முதல் உபயோகமில்லாமல் கிடந்த ஒரு கதிர்வீச்சு யந்திரத்தை 2010-ல் பழைய சாமான்களோடு ஏலம் போட்டுவிட்டார்கள். மாயாபுரி என்ற பழைய இரும்புச் சந்தையிலே தொழிலாளிகள் அதை உடைத்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. ஒரு தொழிலாளி செத்தார். வேறு பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, விஷம் பட்ட மண்ணையும் தோண்டி அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. இவ்வளவு படித்த சர்வகலாசாலைக்கு மேலே விஞ்ஞானப் பட்டம் இருந்தது. கீழே கவனம் இல்லை. செத்தவரோ, அந்த யந்திரம் இன்னது என்று யாரும் சொல்லித்தராத தொழிலாளி.

மண்ணைக் கழுவும் விதம்

மண்ணிலே இப்படி விஷம் கலந்துவிட்டால் அதைப் பிரித்தெடுக்க முடியுமா? சில வகைகளில் முடியும். அதற்கு "வடித்தெடுத்தல்" என்று நாம் பேர் வைத்துக்கொள்ளலாம். இது ஏதோ அந்நிய தேசத்து மாயவித்தை அல்ல. காப்பிக் கடையில் டிக்காக்ஷன் இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்கள். தூள் மேலே நின்றுவிடுகிறது. அதிலுள்ள சாரம் வெந்நீரோடு கீழே வடிகிறது. உவர் நிலத்திலே வெள்ளையாய்ப் பூத்த மண்ணைச் சுரண்டிப் பானையிலிட்டு, தண்ணீர் ஊற்றி வடித்து, வடிந்த நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் தொழில் தமிழ்நாட்டில் வெகுகாலமாய் இருந்தது. அதைச் செய்தவர்களுக்கு உப்பிலியர் என்று பேர் வைத்து, தாழ்ந்த ஜாதி என்று ஒதுக்கினார்கள். வெள்ளைக்கார அரசாங்கம் உப்பு வரிக்காக அத்தொழிலை ஒடுக்கிற்று. ஆனால் இரசாயன சாஸ்திரம் எது என்று கேட்டால், யாகம் வளர்த்தவனிடத்தில் அது இல்லை. உப்புப் பானை வைத்திருந்தவனிடத்தில்தான் இருந்தது.

வெறுந் தண்ணீரிலே கரையாத விஷத்தைக் கரைப்பதற்குத் தக்க திரவத்தைத் தேடுவதே விஞ்ஞானிகளின் வேலை. பித்தளைப் பாத்திரத்துக் களிம்பு தண்ணீருக்குப் போவதில்லை, புளிக்குப் போகிறது. அதுபோலத்தான்.

முதலில் யுரேனியத்தை எடுத்துக்கொள்வோம். காற்றுப்பட்ட மண்ணில் யுரேனியம் இருக்கும் நிலையில், சலவைச் சோடா என்கிற சோடியம் கார்பனேட் கரைசலை ஊற்றினால், யுரேனியம் அந்தக் கார்பனேட்டோடு கூட்டுச் சேர்ந்து கரைந்து வெளியே வந்துவிடும். துணி வெளுக்கும் சோடா, யுரேனியத்தையும் வெளியே இழுக்கிறது! எலுமிச்சம்பழத்துப் புளிப்பான சிட்ரிக் அமிலமும் இந்த வேலையைச் செய்யும். 1990-களில் அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆராய்ச்சிசாலையில், சிட்ரிக் அமிலத்தால் யுரேனியத்தை வடித்தெடுத்து, பிறகு வெளிச்சம் பட வைத்து அந்தக் கூட்டைப் பிரித்து, யுரேனியத்தை அடியிலே வண்டலாய்ப் படியச் செய்து காட்டினார்கள்.

கந்தகத் திராவகம் போன்ற கடும் அமிலங்களும் யுரேனியத்தைக் கரைக்கும். ஆனால் சுக்கான் கல் நிறைந்த நமது கரிசல் போன்ற மண்ணில், ஊற்றுகிற அமிலத்தையெல்லாம் சுண்ணாம்பே குடித்துவிடும். அப்படிப்பட்ட மண்ணுக்குச் சோடாதான் தக்கது. பாருங்கள், இங்கே மண்ணுக்குத் தக்கபடி மருந்து மாறுகிறது. புரோகிதனுடைய பஞ்சகவ்வியமோ, பிறப்புத் தீட்டுக்கும், இறப்புத் தீட்டுக்கும், குளத்துத் தீட்டுக்கும், கோவில் தீட்டுக்கும் ஒன்றேதான். எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து கொடுக்கிற வைத்தியனை நீங்கள் என்ன சொல்லுவீர்கள்?

இனி சீசியம். இது மிகவும் பொல்லாதது. கண்மாயிலே எடுக்கும் கரம்பை மண்ணை நீங்கள் அறிவீர்கள். அதுபோன்ற நயமான களிமண்ணின் துகள்களில் ஏடு ஏடாக அடுக்குகள் உண்டு. அந்த ஏடுகளின் ஓரத்தில் சீசியம் போய்ச் செருகிக்கொண்டால் இலேசில் விடாது. ஆகையால் முதலில் மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மணலை வேறாகவும் கரம்பையை வேறாகவும் பிரிப்பார்கள். விஷத்தின் பெரும்பகுதி கரம்பையோடு போய்விடும். மணல் பெரும்பாலும் தப்பும். அந்தக் கரம்பையிலிருந்து சீசியத்தைப் பிடுங்கவேண்டுமானால், நீர்த்த அமிலத்தோடு நெருக்கி மூடிய பாத்திரத்தில் 200 டிகிரி வரை சூடேற்ற வேண்டும் என்று ஜப்பானில் 2011-ல் பரீட்சித்துக் கண்டார்கள். வடித்த திரவத்திலிருந்து சீசியத்தைப் பிடிப்பதற்குப் பிரஷ்யன் நீலம் என்று ஒரு சாயப்பொருள் இருக்கிறது. சாயப்பட்டறை நிறைந்த அருப்புக்கோட்டைத் தோழர்கள் கவனிக்கவேண்டும்: ஓவியத்துக்கும் சாயத்துக்கும் கண்டுபிடித்த இந்த நீலத்தையே கோயானியாவில் 46 பேருக்கு மருந்தாகக் கொடுத்து, வயிற்றிலிருந்த சீசியத்தை மலத்தோடு வெளியேற்றினார்கள்.

விஷம் அழிகிறதா?

இவ்வளவு கேட்ட பிறகு, "அப்படியானால் விஞ்ஞானம் விஷத்தை அழித்துவிடுகிறதல்லவா?" என்று கேட்பீர்கள். இல்லை. இங்கேதான் உண்மை பேசுகிறவனுக்கும் தட்சணை வாங்குகிறவனுக்கும் வித்தியாசம் தெரியும்.

எந்த அமிலமும், எந்தச் சோடாவும், எந்த நெருப்பும் கதிரியக்கத்தை அழிக்காது. அது தன் கணக்குப்படிதான் குறையும். கோபால்ட்-60 ஏறக்குறைய ஐந்தேகால் வருஷத்தில் பாதியாகும். சீசியம்-137 முப்பது வருஷத்தில் பாதியாகும். யுரேனியம்-238 பாதியாவதற்கு 450 கோடி வருஷம் வேண்டும். வடித்தெடுத்தல் செய்வதெல்லாம், பல வண்டி மண்ணில் பரவிக் கிடக்கும் விஷத்தை ஒரு சிறு பாத்திரத்துக்குள் அடக்குவதுதான். பிறகு அந்தப் பாத்திரத்தைச் சிமெண்டிலோ கண்ணாடியிலோ இறுக்கி, தலைமுறைக் கணக்காய்க் காவல் காக்கவேண்டும்.

அல்லாமலும், இந்தக் கழுவலுக்கு விலை உண்டு. கடும் அமிலம் விஷத்தை மட்டும் கரைப்பதில்லை. மண்ணிலுள்ள சுண்ணாம்பையும், இரும்பையும், பயிருக்கு வேண்டிய சத்துக்களையும் சேர்த்துக் கரைத்துவிடும். மிஞ்சுவது மண்ணின் எலும்புக்கூடு. வயலிலே நேராக ஊற்றினாலோ, கரைந்த விஷம் கிணற்றுக்கும் ஊருணிக்கும் இறங்கிவிடும். ஆகையால் அடியில் கசியாத தொட்டிகளிலே செய்யவேண்டும். குடிக்கவே தண்ணீரில்லாத சீமைக்கு, மண்ணைக் கழுவத் தண்ணீர் எங்கே?

இதனால்தான் பெரிய விபத்துக்களில், பரீட்சைசாலையில் வெற்றி பெற்ற முறையைக்கூட வயலில் அதிகமாகச் செய்ய முடியவில்லை. அமெரிக்காவில் பெர்னால்ட் என்ற இடத்தில் 1989 வரை யுரேனிய உலோகம் செய்த ஆலையின் மண்ணைச் சோடாவாலும் சிட்ரிக் அமிலத்தாலும் கழுவிப் பரீட்சித்தார்கள். ஆனால் 2006-ல் வேலை முடிந்தபோது பெரும்பாலான மண்ணைத் தோண்டி, கசியாத மேட்டுக்குள் புதைத்துத்தான் முடித்தார்கள். ஜப்பானில் புகுஷிமாவில் 2011 மார்ச்சு 11-ந் தேதி பூகம்பமும் கடல் பொங்கலும் வந்து அணு உலைகள் கெட்டபின், வயல்களின் மேல்மண்ணைச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் சுரண்டி மூட்டை கட்டினார்கள். சுமார் ஒரு கோடியே நாற்பது லட்சம் கனமீட்டர் மண் இப்படிச் சேர்ந்தது. 2045-க்குள் அதை அந்த மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோய் முடிவு செய்யவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எந்த மாகாணம் வாங்கிக்கொள்ளும்? பயத்தைத் தெளிய வைப்பதற்காக 2025 ஜூலையில் அந்த மண்ணில் கொஞ்சத்தைப் பிரதம மந்திரி காரியாலயத்துத் தோட்டத்திலேயே போட்டார்கள்.

புகுஷிமா விவசாயிகள் செய்ததைக் கேளுங்கள். சீசியமும் பொட்டாசியமும் குணத்தில் உறவு. ஆகவே வயலுக்குப் பொட்டாஷ் உரத்தை அதிகமாகப் போட்டு, நெற்பயிர் சீசியத்தை உறிஞ்சாமல் தடுத்தார்கள். 2012 முதல் 2019 வரை விளைந்த நெல்லில் மாகாணத்து அரிசி மூட்டைகளை ஒன்றுவிடாமல் கருவியில் வைத்து அளந்தார்கள். வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி மூட்டைகள்! 2015 விளைச்சலுக்குப் பிறகு வரம்பைத் தாண்டிய மூட்டை ஒன்றும் இல்லை. தங்கள் அரிசிக்கு வந்த தீட்டை அவர்கள் மந்திரத்தால் போக்கவில்லை, கணக்கால் போக்கினார்கள்.

சாணமும் அணுக்கதிரும்

இது இப்படியிருக்க, நம் தேசத்தில் நடக்கும் வேடிக்கையைப் பாருங்கள். 2020 அக்டோபரில், மத்திய சர்க்காரால் ஏற்படுத்தப்பட்ட இராஷ்டிரிய காமதேனு ஆயோக்கின் தலைவர், பசுஞ்சாணத்தால் செய்த ஒரு சில்லைக் காட்டி, அதைக் கைப்பேசியோடு வைத்தால் கதிர்வீச்சுக் குறையும் என்றார். எப்படி அளந்தீர்கள், கணக்கைக் காட்டுங்கள் என்று 600 விஞ்ஞானிகளுக்கு மேல் கையெழுத்திட்டுக் கேட்டார்கள். 2022 நவம்பரில் குஜராத்தில் தாபி ஜில்லா நீதிமன்றம் ஒரு மாடு கடத்தல் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்போது, சாணத்தால் ஆன வீடுகளை அணுக்கதிர் பாதிப்பதில்லை என்று விஞ்ஞானம் ருஜுப்படுத்தியிருப்பதாக எழுதிற்று.

நாம் சாணத்துக்கு விரோதிகள் அல்ல. அது வயலுக்கு நல்ல எரு. ஆனால் கோபால்ட்-60-ன் கதிரில் பாதியைத் தடுக்க ஈயமானால் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் கனம் வேண்டும். கான்கிரீட்டானால் சுமார் ஆறு சென்டிமீட்டர் வேண்டும். எடை கூடினால் தடை கூடும். அவ்வளவுதான் கணக்கு. கனத்த மண்சுவரும் தன் எடைக்குத் தக்கபடி தடுக்கும். மெல்லிய சாணப் பூச்சு எதைத் தடுக்கும்? மாடு என்ன ஜாதி என்று காமாக்கதிர் விசாரிப்பதில்லை. 1927-ல் மகாட் குளத்தில் கொட்டிய அதே சாணத்தை இப்போது அணுவின் மேல் பூசப் பார்க்கிறார்கள். முன்பு அது மனிதனை அவமானப்படுத்திற்று. இப்போது அதை நம்பி எவனாவது ஆபத்தான இடத்தில் உட்கார்ந்திருந்தால் அது அவனைக் கொன்றுவிடும்.

வடித்த நீர் யார் வாசலுக்கு?

தோழர்களே! கடைசியாக, நமது இயக்கம் கேட்கவேண்டிய கேள்விக்கு வருகிறோம். விஷம் அழிவதில்லை, இடந்தான் மாறுகிறது என்றால், எந்த இடத்துக்கு மாறுகிறது? யார் கையால் மாறுகிறது?

ஜார்க்கண்டிலுள்ள ஜாதுகுடாவில் 1960-களின் கடைசி முதல் யுரேனியம் எடுக்கிறார்கள். கல்லைப் பொடி செய்து, கந்தகத் திராவகத்தால் வடித்தெடுப்பதுதான் அங்கேயும் முறை. கல்லிலே ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் யுரேனியம் உண்டு. யுரேனியம் ஹைதராபாத்துக்குப் போய்விடும். மீதிச் சக்கை, ரேடியத்தோடுகூட, அங்கேயே குளங்களில் தேங்குகிறது. அந்தக் குளங்களின் பக்கத்தில் குடியிருப்பவர்கள் யார்? சந்தால், ஹோ முதலிய ஆதிவாசிகள். விளக்கு எரிவது ஒருவர் வீட்டில்; சக்கை கிடப்பது மற்றொருவர் வாசலில்.

தமிழ்நாட்டின் தென்கோடியில் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் மோனசைட் என்னும் தாதுப்பொருள் இயற்கையாகவே இருக்கிறது. அதில் தோரியம் உண்டு. 1909-ல் ஜெர்மானியரான ஷோம்பர்க் என்பவர் கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலிருந்து இதைக் கண்டறிந்தார். 1952 முதல் ஆலுவாயில் மோனசைட்டைக் காரத்தாலும் அமிலத்தாலும் வடித்துப் பிரித்தார்கள். கேரளத்தில் இதேபோன்ற மணலுள்ள கருநாகப்பள்ளியில் சுமார் எழுபதினாயிரம் பேரைச் சராசரி பத்து வருஷத்துக்கு மேல் கவனித்து, இயற்கைக் கதிரியக்கத்தால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்று 2009-ல் கணக்கு வெளியிட்டார்கள். இதைச் சொல்லுவதற்கு நமக்குக் கூச்சமில்லை. பயப்படவேண்டாம் என்று கணக்குச் சொன்னால் பயப்படவேண்டாம்; பயப்படு என்று கணக்குச் சொன்னால் எந்த சர்க்கார் மறைத்தாலும் விடவேண்டாம். ஆனால் அந்தக் கணக்கு, மணலை மிதிக்கும் மீனவனுக்கு அவன் படிக்கும் தமிழில், அவன் ஊர்ச் சுவரிலே ஒட்டப்படவேண்டும். அறிவைப் பூட்டி வைப்பவன் பூணூல் போட்டிருந்தாலும் சரி, கோட்டுப் போட்டிருந்தாலும் சரி, அவன் செய்வது ஒரே காரியந்தான்.

மலக்குழிக்குள் ஒரு ஜாதியாரையே இறக்கிப் பழகிய சமூகம் இது. நாளைக்கு அணுக்குப்பையை அள்ளவேண்டியிருந்தால் யாரைக் கூப்பிடும் என்பதை நாம் சொல்லவேண்டுமா? அதற்குப் பிறப்பைப் பார்க்கக்கூடாது. கற்றுக்கொண்டவன், கவசம் அணிந்தவன், தன் மார்பிலே அளவுக்கருவி மாட்டியவன், நல்ல சம்பளம் பெறுகிறவன் செய்யட்டும். அந்த வேலை முடிந்தபின் அவனோடு ஒரே பந்தியில் நாம் உட்காருவோம். கருவி சுத்தம் என்றால் சுத்தந்தான்.

ஆகவே செய்யவேண்டியது

உங்களில் பழைய இரும்பு வாங்கி விற்கும் தோழர்களும், வெளியூர்களில் அந்த வேலைக்குப் போகும் வாலிபர்களும் இருக்கலாம். அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பாத்திரமோ, மஞ்சளில் மூன்று இதழ் போட்ட அடையாளமோ, சிவப்பு முக்கோணத்தில் மண்டையோடும் ஓடுகிற மனிதனும் போட்ட அடையாளமோ கண்டால், உடைக்காதீர்கள், வெட்டாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். விலகி நின்று போலீசுக்கும் கலெக்டருக்கும் தெரிவியுங்கள். 1983-ல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இதற்காகத்தான் இருக்கிறது. ஒளி வீசும் தூளை எவனாவது அதிசயம் என்று கொடுத்தால் கோயானியாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணோ தண்ணீரோ கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், அவர் புரோகிதரானாலும், அதிகாரியானாலும், நம் இயக்கத்துப் பேச்சாளரானாலும், அளந்தீர்களா, எவ்வளவு, எந்தக் கருவி என்று கேளுங்கள். சுத்தம் செய்துவிட்டோம் என்றால், வடித்ததை எங்கே வைத்தீர்கள் என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டிலும் இதையே கேட்டுப் பாருங்கள். மாதத்தில் மூன்று நாள் மகளைத் திண்ணையில் உட்காரவைப்பதற்கு எந்தக் கருவி அளவு காட்டிற்று? தேநீர்க் கடையில் ஒருவருக்கு மட்டும் வேறு தம்ளர் கொடுப்பதற்கு எந்தப் பரீட்சைசாலை சர்டிபிகேட் கொடுத்தது? இதற்குப் பதில் இல்லையானால் அந்தத் தீட்டை இன்றைக்கே விட்டுவிடுங்கள். அதைக் கழுவ அமிலமும் வேண்டாம், சோடாவும் வேண்டாம், முப்பது வருஷம் காத்திருக்கவும் வேண்டாம். யுரேனியம் பாதியாவதற்கு 450 கோடி வருஷம் ஆகும். மனிதன் உண்டாக்கிய பொய்த் தீட்டு, மனிதன் மனம் வைத்தால் ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துப் பார்த்துச் சரியென்று பட்டதை ஏற்றுக்கொள்ளுங்கள்.